ஈப்போவில் நாலு நாள்

பாஞ்சாலைக்கு மண்டையில் ஒன்றுமில்லை என்றுதான் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். ஆலையில் தேயிலை சலித்துச் சலித்து, தூசி நெஞ்சில் ஏறி, பதினைந்து வருசமாக அவளுக்கு இளைப்பு. மழை பிடித்தால் முற்றிவிடும். தானா ராத்தா ஊர் அரசாங்க ஆஸ்பத்திரி எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது, செலவும் இல்லை. அவளோ, செத்துப்போன புருசன் எடுத்துவைத்த ஆஸ்பத்திரிச் செலவு இன்சூரன்ஸை விடாமல் கட்டி, வருசா வருசம் மலைக்குக் கீழே ஈப்போ பட்டணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள்.

எண்பத்து நாலாம் வருசம் இன்சூரன்ஸ் கட்டணம் இரட்டிப்பானது. லயத்துக்கு வந்த ஏஜெண்டு சொன்னார்: "விட்டுட்டா, இந்த நோயோட திரும்பச் சேத்துக்க மாட்டாங்க. யோசிச்சுக்குங்க லா."

"விட்டுத் தொலைக்கா," என்றேன் எரிச்சலோடு.

பாஞ்சாலை மடியிலிருந்து பணத்தை எடுத்தாள். "எம்மவ ருக்குமணி ஈப்போவுக்குக் கட்டிப் போயி ஒம்பது வருசமாச்சு. மாப்பிள இங்க அனுப்பறதில்ல, என்னையும் வீட்டுல சேக்கறதில்ல. நான் ஆஸ்பத்திரியில படுத்தா மட்டும் அவ வர்றதத் தடுக்கறதில்ல. நாலு நாளும் சாயங்காலம் வந்து, எனக்குத் தல சீவி விடுவா."

ஏஜெண்டு ரசீது கொடுத்துவிட்டுப் போனார். அதை மடித்து வைத்தவள் வானத்தைப் பார்த்தாள்.

"இந்த வருசம் மழை எப்பப் பிடிக்கும்?" என்றாள்.