எல்லார் தோலிலும் இருப்பது

குழாயை முழங்கையால்தான் மூடுகிறார் நர்ஸ் விஜயராணி. வார்டுக் கதவைத் தள்ளுவதும் முழங்கைதான். வீட்டில் அடுப்படிக் கதவையும் அப்படியே இடித்துத் திறந்து, "கை என்ன வாடகைக்கா போயிருக்கு?" என்று கணவர் மகேந்திரனிடம் கேலி வாங்குவார். கொடைக்கானல் தண்ணீரில் நாளெல்லாம் கழுவிக் கழுவி விரல்கள் வெடித்துவிட்டன. பெரும்பாறையில் காப்பிப் பழம் பறித்த அம்மா வேலம்மாவின் விரல்கள்கூட இவ்வளவு மோசமில்லை.

"தொட்டுப் பேசணும்னா கையக் கழுவிட்டு வாங்க" என்று அவர் அதட்டுவதால், நோயாளிகளைப் பார்க்க வரும் உறவினர்கள் சற்று ஒதுங்கியே நடப்பார்கள்.

சென்ற மழைக்காலத்தில் பள்ளங்கியிலிருந்து மணியன் வந்து சேர்ந்தார். பூண்டு விவசாயி. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர். நெஞ்சுச்சளிக்கு டிரிப்ஸ் ஏற்ற விஜயராணிதான் ஊசி செருகினார். சளி குறைந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், கட்டில் அதிரும் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. ஊசி இருந்த இடம் சிவந்திருந்தது.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "எல்லார் தோல்லயும் இருக்கற கிருமிதான். மேல இருந்தா ஒண்ணும் பண்ணாது. ஊசி வழியா உள்ள போயிருக்கு. வால்வுல ஒட்டிட்டா உயிருக்கே ஆபத்து."

"யாரு தோல்ல இருந்துச்சுங்க?" என்றார் மணியனின் மனைவி சோலையம்மாள்.

"அதைச் சொல்ல முடியாதும்மா."

சோலையம்மாள் விஜயராணியின் பக்கம் திரும்பினார். "நல்லாக் கெடந்த மனுசன். இனி நீங்க தொட வேணாங்க."

விஜயராணி ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மணியன் தோலா, தன் தோலா? சோறு பிசையும்போதும் அதே கேள்வி. வேறொரு நர்ஸ் மருந்து ஏற்ற, இவர் வாசலில் நின்றே காய்ச்சலை விசாரித்துவிட்டுப் போனார்.

வாரங்கள் ஓடின. காய்ச்சல் விட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், வால்வில் ஒன்றுமில்லை என்றார்; மருந்தை மட்டும் தொடரச் சொன்னார். ஆனால் புதிய ஊசிக்கு நரம்பு அகப்படவில்லை. இரண்டு இடத்தில் குத்து வாங்கிய மணியன் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏ சோல, அந்தப் பிள்ளைய வெரசாக் கூப்பிடு. அது குத்துனா வலிக்காது."

"அவுகளையா?"

"என் தோல்லயுந்தான் கெடக்குன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல."

சோலையம்மாளே போய் அழைத்து வந்தார். விஜயராணி நரம்பைத் தடவிப் பார்த்து, அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தார். மணியன் முகம் சுளித்தார். "எரியுதாக்கும்" என்று சோலையம்மாள் பரிவோடு குனிந்து, ஈரம் காயட்டுமென்று ஊதினார்.

"ஊதாதீங்கக்கா!"

சோலையம்மாள் பதறி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். விஜயராணி புதுப் பஞ்சு எடுத்து முதலிலிருந்து துடைத்தார்.