வெள்ளியங்கிரிக் கவுண்டர் கோல்ப் ஆடப் போனது

கணபதி என்கிற ஊரில் வெள்ளியங்கிரிக் கவுண்டரை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாற்பது ஏக்கர் தோட்டம், ஊரார் குடம் இறங்காத சொந்தக் கிணறு, வெள்ளைக்காரன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வாரத்துக்கு அடங்காத பூரிப்பு. மனிதர் அவ்வளவுதான்.

1936 மாசியில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. ஊருக்கு வடக்கே மேய்ச்சல் காட்டில் துரைமார் கோல்ப் ஆடும் மைதானம் இருந்தது. அதன் காரியதரிசித் துரை சிரித்துப் பேசுகிற மனிதர். பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை காலையில் வந்து ஆடிப் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார். அதே வாரம் இன்னொரு செய்தியும் வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி போடப் போகிறார்களாம். ஊர்க்காரர் நடக்கும் இட்டேரி அதன் நடுவேதான் போகிறது. அந்தத் தடத்தின் கோடியில்தான் ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு. வேலி வந்தால் பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் சுற்ற வேண்டும்.

நான் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவன். ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

"மனு எதுக்குங்க? மனு குடுக்கறவன் வாசல்ல நிப்பான். நம்மள விருந்தாளியாவே கூப்புட்டிருக்காருங்களே. நேர்ல ஒரு வார்த்தை சொன்னாப் போச்சு" என்றார் கவுண்டர்.

ஊரும் நம்பியது. அடுத்த மூன்று வாரம் அவர் எல்லாவற்றையும் யோசித்தார், அந்த ஒரு வார்த்தையைத் தவிர. கோட்டைமேட்டுத் தையற்காரர் முஸ்தபாவிடம் கால்சட்டை தைக்கக் கொடுத்து, இடுப்பைப் பிடிக்கிறதென்று இரண்டு தடவை பிரிக்கச் சொன்னார். பூட்ஸ் போட்டுக் களத்தில் நடந்து பழகிக் கால் கொப்பளித்தது. எலுமிச்சங்காய்களை வரிசையாக வைத்துத் தடியால் அடித்தார். அரை மரத்துக் காய் வீணாயிற்று. ஒன்பதுக்கு ராகுகாலம், ஆகவே எட்டுக்கே கிளம்ப ஏற்பாடு. வெறுங்கையோடு போகலாமா? ஒரு தூக்குப்போசி நெய், ஒரு பூவன் தார். இங்கிலீஷ் பேச நான்.

கிளம்பும்போது பூவாத்தாள் வண்டியை மறித்தாள். இட்டேரி ஓரத்துக் குடிசைக்காரி. எட்டு மாதக் கர்ப்பிணி.

"ஏனுங்க, கெணத்துத் தடத்தை மறந்துபோடாதீங்க. இந்த வவுத்தோட என்னால சுத்த முடியாதுங்க."

"அட, நாம போறதே அதுக்குத்தான் அம்மணி" என்றார் கவுண்டர்.

துரை நன்றாகவே நடந்துகொண்டார். நெய்யை வாங்கிக்கொண்டார், மட்டையைக் கையில் கொடுத்தார். கவுண்டர் நாலு வீச்சு வீசி மண்ணைப் பெயர்த்தார், துரை சிரிக்கவில்லை. பிறகு நாற்காலி போட்டு உட்காரவைத்து, எங்கள் மைதானத்தால் உங்கள் ஊருக்கு ஏதாவது சிரமம் உண்டா, சொல்லுங்கள் என்று அவரே கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

கவுண்டர் நெளிந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. விருந்துக்குப் போனவர் முதல் தடவை வேண்டாமென்றுதான் சொல்வார். வீட்டுக்காரர் விடாமல் மறுபடி மறுபடி கேட்க வேண்டும். கவுண்டர் மறு தடவைக்குக் காத்திருந்தார். துரைக்கு அது என்ன தெரியும்? ஒரு சிரமமும் இல்லையாம் என்று நான் சொன்னதும் சந்தோஷமாகக் கைகுலுக்கிவிட்டு ஆடப் போய்விட்டார். சொன்னதைச் சொல்வதுதான் என் வேலை என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. கவுண்டருக்கு அதுகூட இல்லை.

"இன்னொருக்கா கேப்பாருன்னு பாத்தனுங்க. மொத வார்த்தைக்கே கையை நீட்டினா நம்மள என்னன்னு நெனைப்பாரு?" என்றார் வழியில்.

திங்கட்கிழமை வேலிக்கல் நட்டார்கள். பூவாத்தாள் வெறுங்குடத்தோடு கவுண்டர் வாசலுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவர் நடந்ததைச் சொன்னார், தன் பெருந்தன்மையைப் பற்றிச் சொல்வது போலவே.

"உங்களுக்குத் தாகமில்லீங்க, அதான் காத்திருந்தீங்க. என்னையக் கூட்டிட்டுப் போயிருந்தா மொத வார்த்தையிலயே கேட்டிருப்பனுங்க" என்றாள் அவள்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சுற்றுவழியில் நடந்தாள். அவள் தெருமுனை திரும்பும் மட்டும் பார்த்துவிட்டுக் கவுண்டர் என்னிடம் சொன்னார்:

"பாத்தீங்களா? மருவாதி தெரியாத சனம்."