குளங்களைப் படமெடுத்த அண்ணை

அந்தச் சின்ன விமானம் முதன்முதலாக எங்கள் தலைக்கு மேலே வந்த காலையில், யாரோ லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை வானத்தில் ஏற்றி உழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படியொரு சத்தம். கிளிநொச்சிப் பக்கம் ஜெயபுரத்து வயலில் வெள்ளைத் துணியைச் சிலுவைபோல விரித்து, மூலைகளுக்குக் கல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். குளங்களையும் வாய்க்கால்களையும் மேலிருந்து படமெடுக்க வந்த ஒரு தனியார் கொம்பனிக்கு, நிலத்தில் அடையாளத் துணி விரிப்பது என் வேலை. நில அளவை படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கப் பொறுக்காமல் ஓடிப்போய்ச் சேர்ந்த வேலை. நான் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் களை பிடுங்கிய பெண்கள் அத்தனைபேரும் வரம்போடு வரம்பாகக் குப்புறப் படுத்துவிட்டார்கள். சண்டை முடிந்த காலத்தில் நான் மிகச் சின்னவள். விமானக் குண்டுக்குப் பதுங்கும் பங்கர் எனக்குக் கேட்ட கதைதான். அவர்களுக்கு அது உடம்பில் இருந்தது. சத்தம் போனபிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிச் சிரித்தார்கள். "படமெடுக்கிற பிளேனாமடி! எங்கட பின்பக்கத்தையெல்லே எடுத்துக்கொண்டு போறான்" என்றாள் ஒருத்தி.

விமானியை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். அவரும் ஜெயபுரத்துப் பிள்ளைதான். தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு, இங்கே வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அண்ணை வெளிநாடு போய், சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவி, அந்த உழைப்பில் பறக்கப் படித்துத் திரும்பியவர். ஊரில் அவரோடு விமானக் கதை கதைக்க வேறு யாரும் இல்லை. எனக்கும் இல்லை. பண்ணையொன்றின் கிரவல் பாதையில் விமானம் வந்து நின்றதும் நான் ஓடிப்போவேன். செட்டை விமானத்தை எப்படித் தூக்குகிறது, மேகத்துக்குள் போனால் திசை எப்படித் தெரியும் என்று விடாமல் கேட்பேன். "தங்கச்சி, உம்மட வாய்க்கு ஒரு எஞ்சின் பூட்டினால் நீர் பெற்றோல் இல்லாமலே பறப்பீர்" என்பார். ஆனால் ஒரு கேள்வியைக்கூட அவர் தட்டிவிட்டதில்லை.

அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. அவருடைய அம்மா வெளியே வந்து ஒருக்கால் நிமிர்ந்து பார்க்கவேண்டும். வீட்டுக்கு மேலே போகும்போதெல்லாம் செட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டுவார். அம்மா கட்டிலுக்குக் கீழே இருப்பா. புருஷனை விமானக் குண்டுக்குப் பறிகொடுத்தவா. "இவன் அப்பன கொன்னதே அதுதான். அதுல ஏறி இவன் ஊர்கோலம் போறான்! ஏன், ரோட்டுல பஸ்ஸு ஓடலியா?" என்று என்னிடம் பொரிந்து தள்ளுவா. நான் அதை அப்படியே போய்ச் சொன்னால் அண்ணை விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு கமராவின் கண்ணாடியைத் துடைப்பார். "எல்லாக் குளத்தையும் எடுத்தாச்சு, தங்கச்சி. அம்மாவின்ர முகம் மட்டும் இல்லை."

விமானம் நல்ல நிலையில் இருக்கவில்லை. வெயில் ஏறினால் எஞ்சின் இருமும். மூடியைத் திறந்து, வெடிப்பு விழுந்த எரிபொருள் குழாயில் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றியிருந்ததை அவரே எனக்குக் காட்டினார். கொம்பனிக்குப் போன் எடுத்தபடிதான் இருந்தார். இந்தப் படவேலை முடியட்டும், பிறகு கொழும்புக்குக் கொண்டுவந்து பார்ப்பம் என்பதே ஒவ்வொரு முறையும் பதில். "இதில பறக்க ஏலாதெண்டு சொல்லுங்கோவன், அண்ணை" என்றேன். "சொன்னா வேற ஆளை அனுப்புவாங்கள். அவன் எங்கட வீட்டுக்கு மேலால செட்டை ஆட்டுவானே?" என்றார்.

கடைசியில், வெளியே வந்து பார்க்க அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். நல்ல சேலை கட்டி, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரி, முற்றத்து முருங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. "வந்துட்டுப் போனதும் சொல்லு புள்ள, கண்ண தொறக்குறேன்" என்று என்னையே பகிடி பண்ணினா. குளத்துப் பக்கம் சத்தம் கேட்டது. கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு மெல்ல முகத்தை நிமிர்த்தினா. அப்போது எஞ்சின் இருமியது. இன்னொருமுறை இருமியது. பிறகு சத்தமே இல்லை.

எஞ்சின் நின்றுவிட்டது என்று எனக்கு விளங்கியது. அவாவுக்கு விளங்கியது வேறு. "சத்தம் நின்னுருச்சு, குண்டு எறங்குது!" என்று கத்தி என்னைத் தள்ளி விழுத்தி, எனக்கு மேலே கவிழ்ந்து படுத்து, இரண்டு உள்ளங்கையாலும் என் காதை அடைத்தா. "தல தூக்காத புள்ள, தல தூக்காத." நான் திமிறினேன். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பாரம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எங்களுக்கு மேலால் காற்று கிழிபடுவதுபோல ஒன்று போனது. வயல் பக்கம் மொத்தென்று ஒரு சத்தம். ஊரில் ஒருவரும் எழும்பவில்லை. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வரும் என்று படுத்தே கிடந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணை பெல்ட் பூட்டியபடி இருந்தார். விழுந்த உடனேயே உயிர் போய்விட்டது என்று பிறகு டொக்டர் சொன்னார்.

எப்போதோ மாற்றியிருக்கவேண்டிய குழாய் என்று விசாரிக்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கொம்பனியும் போய்விட்டது. விமானம் இறங்கிய கிரவல் பாதையில் இப்போது மாடுகள் படுத்து அசைபோடுகின்றன. நான் கிளிநொச்சியில் ஒரு நில அளவைக் கந்தோரில் கதிரையில் இருந்து வரைபடம் கீறுகிறேன். ஏதாவது கேள்வி எழும்பினால் போனில் தேடிப் பார்க்கலாம், விடை வந்துவிடும். அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.

போன கிழமை ஜெயபுரம் போனேன். அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு எதிரே குந்தினா. "விழுறப்ப அவன் கீழ பாத்திருப்பானா, புள்ள?"

நெடுநாளுக்குப் பிறகு என்னிடம் ஒருவர் விமானம் பற்றிக் கேட்கிறார். நான் பழைய வேகத்தில் தொடங்கிவிட்டேன். எஞ்சின் நின்றால் கல்லுப்போல விழாது அம்மா, சறுக்கிக்கொண்டு வரும். விமானி கீழே பார்த்து இடம் தேடுவார். அண்ணை வீடுகளைத் தாண்டித்தான் வயலுக்குக் கொண்டுபோனவர், அப்படியென்றால் ஒவ்வொரு முற்றமாகப் பார்த்திருக்கவேண்டும். "உங்களைக் கட்டாயம் கண்டிருப்பார், அம்மா."

அவா முற்றத்து முருங்கையைத் திரும்பிப் பார்த்தா.

"அப்ப என் முதுகத்தான் பாத்திருக்கான்" என்றா.