படகுக்கு ஒரு பேட்டரி மோட்டார்

போன மாதம் காரைக்காலில் ஒரு கடையில் வைத்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பெரிய சண்டை. அவரால் பேச முடியாது. பேசியது முழுக்க நான்தான். அப்படியும் ஜெயித்தது நான் என்று சொல்ல வாய் வரவில்லை...

நடுவில் சில மாதங்கள் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காரணம் இதுதான். இவருக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு — மூன்றையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போய்விட்டது. பிசியோதெரபி செய்து காலைப் பாதி மீட்டோம். கை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சில் மிச்சம் ஒரே ஒரு சொல். ‘அது.’

தண்ணீர் வேண்டுமா? அது. ஃபேனை நிறுத்த வேண்டுமா? அதுவும் அது. எந்த ‘அது’ என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது எனக்கு முழுநேர வேலை. அதில் நான் பெரிய எக்ஸ்பர்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தக் கடைக்குப் போகும்வரை.

இவர் துபாயில் சம்பாதித்து முடித்து ஊர் திரும்பியதும் முதலில் வாங்கியது காரும் இல்லை, மனையும் இல்லை. ஒரு குட்டி ஃபைபர் படகு! அரசலாற்றில் கட்டிக் கிடக்கும். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுத் தூண்டிலோடு கிளம்பினால் வெயில் ஏறித்தான் வீடு. எப்போதாவது ஒரு கொடுவா மீன் வரும். மற்ற நாளெல்லாம் வெறும் கை. “மீன் வேணும்னா மார்க்கெட்டுக்குப் போங்களேன், இதுக்குப் போயி ஒரு படகா?” என்று நான் திட்டாத நாள் இல்லை. சிரித்துக்கொண்டே போவார்.

இப்போது ஒற்றைக் கையால் துடுப்புப் போட முடியுமா? படகு கரையில் கிடந்தது. இவர் ஜன்னலோரம் கிடந்தார். சோறு இறங்கவில்லை. பிசியோதெரபிக்கு ஆள் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். மனுஷன் என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. ரொம்பவே பயமாக இருந்தது.

படகில் திரும்ப ஏற்றிவிட்டால் ஆள் தேறிவிடுவார் என்று மனசுக்குப் பட்டது. டாக்டரிடம் கேட்டேன்.

“தாராளமாப் போகட்டும்மா. ஆனா தனியா மட்டும் விட்டுடாதீங்க. ஃபிட்ஸ் வரலாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, கூட ஒரு ஆளோட போகணும்” என்றார்.

ஆள்தானே? நான் எதற்கு இருக்கிறேன்! ஆனால் எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது. கயிற்றை இழுத்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் தெம்பும் கிடையாது. விசாரித்தபோதுதான் பேட்டரி மோட்டார் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. படகின் பின்பலகையில் மாட்டித் திருகிவிட்டால் போதுமாம். சத்தம் கிடையாது, புகை கிடையாது. சரி, கிளம்புங்கள் என்று எங்கள் தருமபுரத்திலிருந்து ஆட்டோவில் இவரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் சுரக்குடிப் பக்கத்து ஆள். ரொம்ப மரியாதை. ஆனால் எல்லாக் கேள்வியையும் என்னைப் பார்த்தே கேட்டார். இவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், படகு இவருடையது, கேள்வி மட்டும் எனக்கு. எனக்கு என்ன தெரியும்?

“பின்பலகை தண்ணியிலேர்ந்து எவ்வளவு உசரம்மா இருக்கும்? அதுக்குத் தக்கன மோட்டார் தண்டு நீளம் பாக்கணும்.”

நான் முழித்தேன். இவர் இடது கையால் முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

“ஆறா, கடலா?”

“ஆறுதான் தம்பி. அரசலாறு.”

இவர் வேகமாக இல்லையென்று தலையாட்டி ‘அது, அது’ என்று கிழக்கே கடல் பக்கம் கையைக் காட்டினார். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. “ஆமாம்மா, முகத்துவாரம் வரைக்கும் உப்பு ஏறும். நல்ல தண்ணி மோட்டார் போட்டா சீக்கிரம் துரு புடிச்சிடும். உப்புத் தண்ணிக்குன்னு உள்ளதா எடுத்துக்குங்க.”

இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல நாளாகியிருந்தது. அல்லாஹ்வே, இது போதும் என்று நினைத்தேன்.

“எத்தன பேரும்மா போவீங்க? வெயிட்டுக்குத் தக்கன பவர் பாக்கணும்.”

“ரெண்டு பேர்” என்றேன் நான். இவர் ஒரு விரலை நீட்டினார். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு மோட்டார்களை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணம். கைப்பிடியைத் திருகினால் வேகம், அசைத்தால் திரும்பும். எனக்காகவே செய்தது மாதிரி இருந்தது. இன்னொன்றில் ரிமோட். கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினால் படகு தானே போகும், திரும்பும், சொன்ன இடத்தில் நிற்கும்.

இவர் ரிமோட்டைக் காட்டி, “அது” என்றார்.

“இந்த வயசுல ரிமோட் கேக்குதா உங்களுக்கு? சிம்பிளா இருந்தாப் போதுங்க. கைப்பிடிய நான் புடிச்சுக்கிறேன், நீங்க ஜம்முன்னு முன்னால உக்காந்து தூண்டில் போடுங்க.”

இவர் கேட்கவில்லை. இடது கையால் ரிமோட்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கட்டை விரலால் பட்டனை அமுக்கிக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டார். மறுபடியும் ஒரு விரல்.

நான் சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க... சார் தனியாப் போவணும்ங்கிறாங்க போலருக்கு.”

“தனியாவா? ஏங்க, அப்படியா சொல்றீங்க?”

தலையாட்டினார். கண் நிறைந்திருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னையத் தனியா விட்டுட்டுத்தானே போனீங்க? அது பத்தலையா? இப்பவும் நான் இல்லாமப் போவணுமா?” — கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். “அது... அது... அது...” அதற்கு மேல் வரவில்லை. மெதுவாக ரிமோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

கைப்பிடி மோட்டாரையே வாங்கினேன். டாக்டர் சொன்ன பிறகு வேறு என்ன செய்ய?

ஆட்டோவில் இவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார், நான் ஒரு பக்கம். மோட்டார் நடுவில்.

அழுகை வந்தது. என்னிடமிருந்து தப்பிக்கவா இந்த மனுஷனுக்கு ஒரு படகு? புருஷன் வளைகுடாவில் இருக்கும் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பிள்ளைகள் தூங்கிய பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் நாமும் டிவியும் மட்டும். அவர் வந்ததும் இனி ஒரு நிமிஷம்கூட விடக் கூடாது என்று நான் வைராக்கியமாக இருந்தேன். டீக்கடைக்குப் போனால்கூட போன் போடுவேன். விட்டுப்போன வருஷங்களை வட்டியோடு வசூலித்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் அங்கே துபாயில் எப்படி இருந்தார்? ஒரே ரூமில் அடுக்குக் கட்டில் போட்டு எட்டுப் பேர். என்னிடம் போனில் பேசும்போதுகூடப் பின்னால் யாராவது இருமிக்கொண்டிருப்பார்கள். “பாத்ரூம்ல மட்டுந்தான் புள்ள தனியா இருக்கலாம். அதுக்கும் வெளில நின்னு கதவத் தட்டுவானுங்க” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் ஜோக்கென்று சிரித்தேன்.

எனக்கு ஆள் பஞ்சம். அவருக்கு இடப் பஞ்சம். எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான். பிரிந்திருந்த காலத்தில் இரண்டு பேரும் பட்டது ஒரே கஷ்டம் என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோம். அந்தப் படகு வெறும் மீனுக்கு இல்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக யாரும் பக்கத்தில் இல்லாமல் உட்கார அவருக்குக் கிடைத்த ஓர் இடம். இப்போது அதுவும் போச்சு. குளிக்க வைக்க ஆள், நடக்கப் பிடித்துக்கொள்ள ஆள், தூங்கும்போது பார்த்துக்கொள்ள ஆள். கடைசியில் ஆற்றுக்கும் ஆள்.

மோட்டார் வாங்கிய மறு வாரம் முதல்முறை போனோம். “பர்தாவப் போட்டுக்கிட்டுப் படகா ஓட்டப் போறீங்க?” என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கரையில் இருந்தவர்கள் இவரைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினேன். நிஜமாகவே சத்தமில்லை. படகு வழுக்கிக்கொண்டு போனது. சந்தோஷத்தில் நான் பேச ஆரம்பித்தேன். அந்தக் கொக்கைப் பாருங்க, வெயில் ஏறுது தொப்பியப் போடுங்க, லைஃப் ஜாக்கெட் இறுக்கமா இருக்கா, தண்ணி வேணுமா...

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இடது கையைப் பலகையில் ஊன்றினார். கஷ்டப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் அவரால் போக முடிந்த தூரம்.

நெஞ்சு வலித்தது எனக்கு. மறைக்க என்ன இருக்கிறது? அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். வேகத்தைக் குறைத்தேன். இருமல் வந்தபோது துப்பட்டாவை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த முதுகு தளர்ந்தது. தோள் இறங்கியது. நான் இருப்பதை மறந்துவிட்டார் என்று தெரிந்தது. மறக்கட்டும் என்று துஆ செய்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன்.

இப்போதெல்லாம் அவர் ஆற்றுக்குத் தனியாகத்தான் போகிறார். பின்னால் பர்தா போட்டுக்கொண்டு படகை ஓட்டுகிற மோட்டாருக்குத்தான் அவ்வப்போது கண் கலங்குகிறது.