கிரீடமும் காக்கித் தொப்பியும்

போட்டித் தேர்வுக் கணக்குகளுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. சரியான பதிலுக்குப் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு மாதமும் முதலிடம் பிடிப்பவர் பெயருக்குப் பக்கத்தில் தங்கக் கிரீடம் வரும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இரண்டாம் இடம் எனக்குப் பழக்கமில்லை. அங்கே இரண்டாவதாகவே இருந்தேன்.

முதலிடத்துக்காரி தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்கூட வாசலில் காவல் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் பார்க்கப் போனேன். என் வயதுதான். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, தலைக்குப் பெரிதான தொப்பி. உள்ளே வந்த லாரியின் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதே பேனாவால் உள்ளங்கையில் யாருடைய கணக்கையோ போட்டுக்கொண்டிருந்தாள். என் பெயரைச் சொன்னேன்.

"நீங்கதான் ரெண்டாவதா? வாங்க, வாங்க!" என்று சிரித்தாள்.

"உங்க பாயிண்ட் ஏங்க கொறஞ்சிகிட்டே வருது?"

"யாரும் பதில் சொல்லாத கேள்விய நம்ம பாயிண்டக் குடுத்து மேல ஏத்தலாம்ல? அதுல போவுது. பாயிண்ட் கம்மியான சின்னக் கேள்வின்னா நீங்கதான் தொடவே மாட்டீங்களே!"

"கிரீடம் போயிடுமே?"

"போனா உங்களுக்குத்தான வரும்? வச்சிக்குங்க. எனக்கு இந்தத் தொப்பியே கனக்குது."

அந்த மாதமே கிரீடம் எனக்கு வந்தது. நாளுக்குப் பத்து முறை பட்டியலைத் திறந்து, என் பெயரைப் பார்க்கும் முன் அவள் பெயரைத் தேடுகிறேன். நேற்று பதினோராவது இடத்தில் இருந்தாள். என் புள்ளிகளில் ஒன்றைக்கூட நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.