மாப்பிள்ளை கொண்டுவந்த பிஸ்டல்

என் தங்கை வீட்டுக்காரர் பிஸ்டலைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். அதன் மேல் ஒரு துண்டு, துண்டுக்கு மேல் அரை டஜன் கொய்யாப்பழம். பேகம்பூர் போகிற ரோட்டில் இருக்கிறது என் லேத்துப் பட்டறை. பம்புசெட்டு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவதும் புஷ் போடுவதும்தான் பிழைப்பு. அன்று மத்தியானம் வேலைக்குக் காத்திருந்த ஆட்கள் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, பையை என் முன்னால் வைத்தார்.

"மச்சான், இதச் செத்த பாருங்க."

பார்த்தேன். அவருடைய அப்பா வைத்திருந்த பிஸ்டல். அப்பா இறந்த பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு வாங்க மூன்று வருடம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார். சித்தையன்கோட்டைப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு. சுற்றுவட்டாரத்தில் பிஸ்டல் லைசென்ஸ் அவர் ஒருவருக்குத்தான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார், முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வாங்கி வருவார். மற்ற நாளெல்லாம் அது பீரோவில் கிடக்கும். ஒரே குறை, அந்த அளவுத் தோட்டா எங்கே கேட்டாலும் இல்லை என்றார்கள். அதைவிடச் சின்ன அளவுத் தோட்டா தருகிறேன் என்று எவனோ ஒருவன் சொல்லியிருக்கிறான். பிஸ்டலையே சின்னத் தோட்டாவுக்குத் தக்கபடி மாற்றிவிட்டால் என்ன என்று இவருக்கு யோசனை.

"வீடியோவுல ஒரு வெள்ளைக்காரன் அஞ்சே நிமிசத்துல மாத்துறான் மச்சான். எனக்குக் குழல் மட்டும் கடைஞ்சு குடுத்தீகன்னாப் போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

வெள்ளைக்காரன் மாட்டியது கம்பெனியில் செய்து சோதித்து வந்த சாமான். நான் கடைவது இரும்புக்கடையில் எடைக்கு வாங்குகிற கம்பி. அதற்குள் தோட்டா வெடித்தால் என்ன ஆகும் என்று, முப்பது வருடமாக இரும்போடு மாரடிக்கிற எனக்குத் தெரியாதா? போதாததற்கு, லைசென்ஸிலேயே அளவு எழுதியிருக்கும். நாமாக மாற்றினால் அவருக்கும் ஜெயில், எனக்கும் ஜெயில். இத்தனையும் சொல்லக்கூட வேண்டாம். 'வேணாம் மாப்ள, உசுரு போயிரும்.' நாலே வார்த்தை. நான் சொல்லவில்லை.

தங்கைக்குக் கல்யாணமான புதிதில் இவர் ஒருநாள் என் பைக்கைக் கேட்டார். என் வண்டியை நான் யாருக்கும் தருவதில்லை என்று வாய்க்கொழுப்பில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னவன் எங்கள் வகையறாவில் நான் ஒருவன்தான். இரண்டு வருடம் தங்கையை எங்கள் வாசல் மிதிக்க விடவில்லை மனிதர். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதுகூட அனுப்பவில்லை. கட்டுப் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவ வந்திருக்காளா?"

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. பிறகு அவர் எதைக் கேட்டாலும் என் வாயில் முடியாது என்ற சொல்லே வந்ததில்லை. பைக் கேட்டால் டயர் பஞ்சர். ஆள் கேட்டால் அவனுக்குக் காய்ச்சல். பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. கேட்கிறவரும் புரிந்துகொண்டு விட்டுவிடுவார், மரியாதையும் கெடாது. தங்கை தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள். எனக்கு அது போதும்.

அன்றும் அதையேதான் செய்தேன். பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உச்சுக் கொட்டினேன்.

"எம் மிஷின் பழசு மாப்ள. இம்புட்டு நுணுக்கம் இதுல வராது. இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் மிஷின்தேன் லாயக்கு."

"அப்படிங்களா மச்சான்?" என்றார். கோபமே இல்லை. கொய்யாப்பழத்தை எடுத்து வைத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு, சிரித்த முகமாகப் போனார். தப்பித்தோம்டா சாமி என்றிருந்தது எனக்கு. சாயந்திரம் வீட்டில் பெருமையாகக்கூடச் சொன்னேன். "என்ன, இன்னைக்கும் பஞ்சரா?" என்று என் வீட்டுக்காரி கேலி செய்தாள். கொய்யாப்பழம் நன்றாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தங்கையிடமிருந்து போன். தோப்பில் வைத்து முதல் தடவை சுட்டுப் பார்த்தபோதே குழல் வெடித்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் இல்லை. வலது கண்ணும் போய்விட்டது. மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

நான் பஸ் ஏறினேன். அழுகை வரும், நெஞ்சை அடைக்கும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வழியில் பஸ் நின்றபோது வறுகடலை விற்றுக்கொண்டு வந்தார்கள், ஒரு பொட்டலம் வாங்கித் தின்றேன். சீ, என்ன மனுசன்டா நீ என்று என்னையே வைதுகொண்டேன். ஆனாலும் பொட்டலத்தை முடித்துவிட்டுத்தான் கீழே போட்டேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஷாஃப்ட் கடைகிறேன். கை பாட்டுக்கு வேலை செய்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கேஸ் உண்டு, லைசென்ஸும் போய்விடும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். மாப்பிள்ளை தலையைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடினார்.

"நீங்க சொன்ன மாதிரி கம்ப்யூட்டர் மிஷின்லதேன் மச்சான் குடுத்துச் செஞ்சேன். தேடிப் பிடிச்சுப் போனேன். பெறகு எப்படி வெடிச்சுச்சு?"

புரிந்துகொண்டு விட்டுவிடுவார் என்று நான் நம்பியிருந்த மனிதர், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். பைக்கும் ஆளும் வேறு சங்கதி, என் தொழிலைப் பற்றி நான் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். தொழில்காரன் என்று என் மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு. இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியவே தெரியாது.

"இரும்பு சரியில்ல போல மாப்ள," என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

வெளியே நடையில் தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அண்ணே, நெசமாவே ஒன் மிஷின்ல வராதா?"

"வரும்."

"வெடிக்கும்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் வேணாம்னு சொல்லல?"

"சொன்னா கோவிச்சுக்குவாரு. ஒன்னய அனுப்ப மாட்டாருன்னுதேன் தாயி."

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"அனுப்பாட்டி, ரெண்டு வருசம் வராம இருந்திருப்பேன். அம்புட்டுதானண்ணே? முன்னாடி இருக்கலையா நான்?"

உள்ளேயிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். சோறு ஊட்டுகிற நேரம். அவள் எழுந்து போனாள்.