ஒழுகாத குழாய்

என் அண்ணனுக்கு வாய் என்று ஒன்று இருப்பது சாப்பிடும்போதுதான் தெரியும். கல்யாணமான புதிதில் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கண்ணனுக்கு என்மேல ஏதாவது கோபமாடி?" என்று கேட்டாள்.

"இல்லியே அண்ணி. நேத்துகூட உங்ககிட்ட ஏதோ பேசினானே, நான் பார்த்தேன்."

"உப்பு கேட்டார்."

ஆனால் நட்டு, வால்வு, பம்பு என்று யாராவது பேச்செடுத்துவிட்டால் அவனை நிறுத்த ஆள் வைத்துத்தான் இழுக்க வேண்டும். அவன் ஃபிட்டர். போர் வந்ததும் கப்பலின் இயந்திர அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். கப்பலேறுவதற்கு முந்தின வாரம் படுக்கையறை ஜன்னலுக்குப் பித்தளையில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று போட்டான். இரண்டு கையாலும் தள்ளினால்தான் நகரும். "எதுக்குங்க இவ்வளவு கெட்டியா?" என்று அண்ணி கேட்டதற்கு, "காத்து" என்றான். அவன் விடைபெற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அண்ணிக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. காலை முதல் மாலை வரை பொத்தான் துளை. மதியச் சாப்பாட்டின்போது மற்றப் பெண்கள் புருஷன்மார் எழுதிய கடிதங்களைச் சத்தமாக வாசிப்பார்கள். ஒருத்தியின் புருஷன் கண்ணே, மணியே என்று மூன்று பக்கத்துக்கு உருகியிருப்பான். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கடிதம் இது: "நான் நலம். நீ நலமா?" இரண்டாவதும் அதேதான். மூன்றாவதில் கொஞ்சம் மனம் விட்டு, "நான் நலம். இங்கே மழை" என்று எழுதியிருந்தான். அண்ணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். தொழிற்சாலையில் கேட்டபோது, "எங்க வீட்டுக்காரர் எழுதறதையெல்லாம் வெளியில படிக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு சிரித்தார்களாம்.

அந்தச் சமயத்தில் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. வேறு எழுத ஒன்றுமில்லாமல் அண்ணி அதை எழுதினாள். பதில் நான்கு பக்கம் வந்தது.

நான்கு பக்கமும் குழாய்தான். போர்க்காலத்தில் கடையில் வாஷர் கிடைக்காது, என் பழைய ஷூவின் நாக்கிலிருந்து வட்டமாக வெட்டிக்கொள். கைப்பிடியை இடது பக்கம் திருகு, மூன்றாவது சுற்றில் நிறுத்து, அவசரப்படாதே, உனக்கு விரல் மெல்லியது, ஸ்பானரில் துணியைச் சுற்றிப் பிடி. அண்ணி அந்தக் கடைசி வரியை எத்தனை தரம் படித்தாள் என்று எனக்குத் தெரியாது. படிக்கும்போதெல்லாம் தன் விரலையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

அன்று மாலையே அவன் சொன்னபடி செய்தோம். ஒழுகுவது நின்றுவிட்டது. ஒரு சொட்டு இல்லை. என் அண்ணன் வேலை என்றால் சும்மாவா!

அண்ணி பேனாவை எடுத்தாள். யோசித்தாள். "குழாய் இன்னும் ஒழுகுகிறது" என்று எழுதினாள்.

"அண்ணி! என்ன அநியாயம் இது?"

"சரியாயிடுச்சுன்னு எழுதினா அடுத்த தபால்ல மழைதான் வரும். நீ பேசாம இரு."

ஒரு வருஷம் அந்தக் குழாய் ஒழுகிற்று. காகிதத்தில் மட்டும். முதலில் கைப்பிடிக்குக் கீழே, பிறகு கழுத்தில், பிறகு சுவருக்குள். அவனும் விடாமல் எழுதினான். ஓரங்களில் குழாயின் படம் வேறு. அவன் கணக்குப்படி அந்த ஷூவில் கயிறு மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். அண்ணனுடைய கைவேலைக்கு இப்படி ஒரு கெட்ட பெயரா என்று எனக்கு வயிறெரிந்தது. ஆனால் தபால்காரர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் அண்ணியின் முகம் மாறுவதைப் பார்த்திருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடிதம் வந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

பிறகு தபால்காரருக்குப் பதிலாக இரண்டு பேர் படியேறி வந்தார்கள். கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, ஒரு குமாஸ்தா. அதிகாரி நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார், மூடினார், குனிந்து காத்திருந்தார். குழாய் கல் மாதிரி இருந்தது.

"ஒரு வருஷமா ஒழுகுதுன்னு எழுதறீங்க. எங்கேம்மா ஒழுகுது?"

அண்ணி குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ, 'இடது பக்கம் மூன்றாவது சுற்றில் நிறுத்து' இதுக்கு என்ன அர்த்தம்? கப்பல் போற வழியா? இந்தப் படமெல்லாம் என்ன? உங்க வீட்டுக்காரரைக் கப்பல்லேர்ந்து இறக்கி விசாரிக்கச் சொல்லி உத்தரவு தயாரா இருக்கு. போர் நேரம். இதுக்கு என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும்."

அண்ணி உள்ளே போய் அந்த முதல் மூன்று கடிதங்களைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்தார். திருப்பிப் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க. குழாய் ஒழுகுதுன்னு எழுதினப்புறம்தான் நாலு பக்கம் வந்துது. அது அன்னிக்கே சரியாயிடுச்சு. பொய் எழுதினது நான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. பிடிக்கறதா இருந்தா என்னைப் பிடிங்க."

குமாஸ்தா கூரையைப் பார்த்தார். அதிகாரி அண்ணனின் ஷூவைக் கேட்டு வாங்கி, அதன் நாக்கிலிருந்த ஒரே ஓட்டையைச் சோதித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "என் சம்சாரம்கூட அடிக்கடி சொல்றா, நான் சரியா பேசறதில்லன்னு" என்று யாரிடமோ சொன்னார். உத்தரவை மடித்துப் பையில் வைத்தார்.

போகும்போது அண்ணி கேட்டாள். "இது அவருக்குத் தெரியாம முடிச்சிட முடியாதுங்களா?"

"முடியாதும்மா. கேப்டனுக்கு எழுதியாகணும். அவர் கூப்பிட்டுக் கேப்பார்."

அவர்கள் போனபின் அண்ணி தரையில் உட்கார்ந்துகொண்டாள். "ஜெயில்ல போட்டா கடல்ல முழுக மாட்டாரேன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்டி. வாயைத் திறக்காம இருந்துடலாமான்னுகூட தோணுச்சு." அப்புறம், "இனி எழுத மாட்டார் பாரு. ஒரு வருஷமா ஏமாத்திட்டா இவன்னு நினைப்பார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கடிதம் வரவில்லை. வாரக்கணக்கில் வரவில்லை. தெருவில் இரண்டு வீடுகளுக்குத் தந்தி வந்தது. தபால்காரர் எங்கள் வாசலைத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினார். அண்ணி வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். குழாயை மூடும்போதெல்லாம் அதைத் துணியால் துடைத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் வந்தது. ஒல்லியான உறை. அண்ணி பிரிக்காமல் என்னிடம் நீட்டினாள். "நீயே படி. மழைன்னு இருந்தா சொல்லாதே."

நான் படித்தேன்.

"நான் நலம். குழாய் நன்றாக இருப்பதாகக் கேப்டன் சொன்னார். இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். ஷூவைப் பத்திரமாக வை. படுக்கையறை ஜன்னல் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது? அது சரியாக விழாது என்று எனக்கு அப்போதே சந்தேகம். விவரமாக எழுது."

அண்ணி கடிதத்தைப் பிடுங்கித் தானே ஒரு தரம் படித்தாள். சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள். நான் படுக்கையறைக்குப் போய் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து பார்த்தேன். இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

"அண்ணி, என்ன எழுதறீங்க?"

"ரொம்ப மோசமா இருக்குன்னு" என்றாள், தலை நிமிராமல்.